வண்டி கிளம்புவது முந்தின இரவில்

கெமென்சாவிலோ கோப்பெங்கிலோ ஏடிவி ஓட்டியிருக்கிறீர்களா? ஓட்டியவர்களுக்குத் தெரியும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் சேறு, ஆறு, கூச்சல், படம். ஏடிவி என்றால் விடுமுறை விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடந்த ஜனவரியில் கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வரை.

அக்கா அங்கே தாதி. அத்தான் லாரி ஓட்டுகிறார். மனிட்டோபா மாநிலத்தின் வினிப்பெக் நகரிலிருந்து வடக்கே, வினிப்பெக் ஏரிக்கரையில் இருக்கும் கிம்லி ஊருக்குப் போகும் வழியில் அவர்களுடைய வீடு. வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலைக்கு 150 மீட்டர் மண் பாதை. அந்தப் பாதையில் விழும் பனியை ஒதுக்க அரசாங்க வண்டி வராது. நாமே ஒதுக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தான் ஒரு பழைய ஏடிவி வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு மாட்டியிருக்கும். வெயில் காலத்தில் விறகு இழுக்கும், பனிக்காலத்தில் பாதை திறக்கும். அந்த வீட்டில் அது ஓர் ஆள் மாதிரி.

அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். ஏடிவி பிறந்ததே குளிர்காலத்தால்தானாம். 1960-களின் இறுதியில், அமெரிக்காவில் குளிர் தொடங்கியதும் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதங்களில் கடையில் வைத்து விற்க ஏதாவது ஒரு வண்டி வேண்டும் என்று ஹோண்டா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை கேட்டது. அப்படி 1970-இல் வந்ததுதான் யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டி. பலூன் மாதிரி உப்பிய டயர்களோடு பனியிலும் மணலிலும் ஓடியது. மூன்று சக்கரம் எளிதாகக் கவிழ்கிறது என்று 1988-இல் அமெரிக்காவில் அந்த வகையின் விற்பனையையே நிறுத்தினார்கள். அதற்குள் நான்கு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. நம் ஊரில் நாம் ஓட்டுவது அந்தக் குடும்பத்து வாரிசைத்தான்.

நான் பிடுங்கிய வயர்

அன்று அத்தான் சரக்கு ஏற்றிக்கொண்டு தோம்சன் நகருக்குப் போயிருந்தார். வினிப்பெக்கிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். வாகனங்களும் விமான என்ஜின்களும் கடுங்குளிரைத் தாங்குமா என்று சோதிப்பதற்காகவே நிறுவனங்கள் தேடிப்போகும் ஊர் அது.

கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “கராஜில ஒரு மஞ்சள் வயர் இருக்கும்மா. அதை மட்டும் பிடுங்கிடாதீங்க.”

நான் அதைத்தான் பிடுங்கினேன். அன்றிரவு என் நிகழ்ச்சிக்காகச் சில நிமிடங்கள் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஆக அமைதியான இடம் கராஜ்தான். மடிக்கணினியில் மின்சாரம் குறைந்திருந்தது. மஞ்சள் வயரை எடுத்துவிட்டு என்னுடையதைச் செருகினேன். குளிரில் நடுங்கிக்கொண்டே பேசி முடித்தேன். பிறகு என் வயரை எடுத்தேன். மஞ்சள் வயரைத் திரும்பச் செருக மறந்துவிட்டேன்.

அந்த வயரின் மறுமுனையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, என்ஜினின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன சூடேற்றித் தகடு. மற்றொன்று, பேட்டரிக்கு மெல்ல மெல்ல மின்சாரம் ஊட்டும் சார்ஜர். வினிப்பெக்கில் பல கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்குவதைப் பார்த்து, மின்சார கார் என்று நினைத்தேன். அதுவும் இதே கதைதான். பெட்ரோல் கார்தான், என்ஜினுக்குச் சூடு ஏற்றுவதற்கான பிளக். வாகன நிறுத்துமிடங்களில்கூட அதற்கென்று மின் இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

மாலை முழுக்கப் பனி கொட்டியது. நள்ளிரவில் வானம் தெளிந்ததும் வெப்பநிலை சரசரவென்று இறங்கியது. அதிகாலை நான்கே கால் மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். வானொலியில் மைனஸ் 33 டிகிரி என்றார்கள். காற்றோடு சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 47 மாதிரி இருக்குமாம். வெளியே பாதையைக் காணோம். காற்று அள்ளிக் குவித்த பனி முழங்கால் உயரம். அக்காவின் கார் அதில் பத்து மீட்டர்கூடப் போகாது.

“ஏழரைக்கு நான் டியூட்டியில இருக்கணும். ராத்திரி ஷிப்டுல ஒரே ஒரு தாதிதான் இருக்கா. நான் போகாம அவ வீட்டுக்குப் போக முடியாதுடி” என்றாள் அக்கா. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவளை இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் செய்தாள். மாட்டுக் கொட்டகைக்கு வழி திறந்துவிட்டு எட்டு மணிக்கு மேல் வருகிறேன் என்றார்.

சத்தம் சொல்லும் சேதி

“சித்தி, நாம கிளப்பலாம்” என்றான் அக்கா மகன். பதினான்கு வயது. இருவரும் கராஜுக்குப் போனோம். கெமென்சா நினைப்பில் பட்டனை அழுத்தினேன். ‘ர்ர்ர்… ர்ர்…’ என்று சோம்பலாகச் சுற்றியது. விடாமல் அழுத்தினேன். அரை நிமிடம் இருக்கும். சுற்றுவது இன்னும் மெதுவானது. கடைசியில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்போதுதான் தரையில் கிடந்த மஞ்சள் வயரைப் பார்த்தேன்.

தோம்சனில் தூங்கிக்கொண்டிருந்த அத்தானை எழுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். “ரேடியோக்காரிதானே, சத்தத்தைச் சொல்லுங்க” என்றார். போனை என்ஜின் பக்கம் பிடித்து இன்னொரு முறை அழுத்தினேன். ‘டக்.’

அன்று அவர் சொன்ன பாடம் இது. பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரியில் சக்தி இல்லை. மெதுவாகச் சுற்றினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது ஆயில் கெட்டியாகியிருக்கிறது, பெரும்பாலும் இரண்டும். நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கோளாறு பெட்ரோலில் அல்லது பிளக்கின் தீப்பொறியில்.

பேட்டரி ஒரு ரசாயனச் சமையலறை. குளிர்ந்தால் சமையல் மெதுவாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில், நல்ல பேட்டரியே ஏறக்குறைய பாதிச் சக்தியைத்தான் கொடுக்கும். அதனால்தான் பேட்டரியின் மேல் அச்சிடும் குளிர்கால அளவையும் அந்த மைனஸ் 18 டிகிரியில் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதே நேரத்தில் என்ஜின் ஆயில், ஏர்கோன் அறையில் வைத்த தேங்காய் எண்ணெய் மாதிரி தடித்துவிடும். கொடுப்பவனிடம் பாதிதான் இருக்கிறது, கேட்பவனோ இரண்டு பங்கு கேட்கிறான்.

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த ‘டபிள்யூ’ விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண் குறைய குறைய, குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். நம் ஊரில் யாரும் அதைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. அத்தான் நவம்பர் மாதமே 0டபிள்யூ-40-க்கு மாற்றிவிடுவார். எந்த எண் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

“அக்கா காரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா?” என்று கேட்டேன். முடியும், ஆனால் கார் என்ஜினை அணைத்து வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏடிவியின் சின்ன மின்கருவிகள் கெட்டுவிடலாம் என்றார். “அதுக்கு வயர் வேணுமே. அது என் லாரியில கிடக்கு.”

மிச்சம் இருந்தது ஒரே வழி. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு. பெட்டி உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சக்தி தீர்ந்த பேட்டரிக்குள் இருக்கும் திரவம் உறைந்துவிடும். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்தால் வெடிக்கலாம். நல்லவேளை, உப்பவில்லை. சமையலறை மேசையில் வைத்துச் சார்ஜரை மாட்டினோம். மஞ்சள் வயரை அதன் இடத்தில் செருகி, என்ஜினைப் பழைய கம்பளியால் மூடினோம். “ஒரு மணி நேரம் எதையும் தொடாதீங்க” என்றார்.

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஆகக் கடினமாக இருந்தது. அக்கா சீருடையோடு உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயரைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னேன். “தெரியும்” என்றாள். தேநீரை என் பக்கம் தள்ளினாள்.

ஐந்து நிமிடக் கதவு

ஐந்தே முக்காலுக்குப் பேட்டரியை மாட்டினோம். கம்பளியை எடுத்தோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கட்டை விரலால் அழுத்தும் ஆக்சிலேட்டரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார் அத்தான். விட்டவுடன் அது துள்ளித் திரும்ப வேண்டும். கேபிளுக்குள் ஈரம் உறைந்திருந்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும், வண்டி தறிகெட்டு ஓடும்.

“இப்ப சோக்கை முழுசா இழுங்க. ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. ஐந்து எண்ணும் வரை அழுத்துங்க, விடுங்க. ஒரு நிமிஷம் சும்மா இருங்க.”

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியானால்தான் எரியும். கடுங்குளிரில் அது ஆவியாக மறுக்கிறது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போகும். அந்த அதிகத்தில் ஆவியாகும் கொஞ்சம்தான் தீப்பிடிக்கும். ஆக்சிலேட்டரைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து அந்த வேலையைக் கெடுத்துவிடும். மாறாக, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அப்போது மட்டும் சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சுற்ற வேண்டும். புதிய வண்டிகளில் இதையெல்லாம் கணினியே கவனித்துக்கொள்கிறது. அவற்றில் சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் தன் வேலையை முடிக்க இரண்டு மூன்று விநாடி கொடுத்துவிட்டு அழுத்தினால் போதும்.

முதல் முறை சுற்றியது. இரண்டாம் முறை தும்மியது. மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. நானும் பையனும் குதித்தோம்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. திறந்திருந்த கராஜ் கதவு வழியாகக் காற்று கத்தியாய் அறுத்தது. வண்டி சூடாகட்டும், நாமும் கொஞ்சம் சூடாக இருப்போம் என்று கதவை இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளிருந்து வந்த அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைத் திறந்தாள், என்ஜினை அணைத்தாள், எங்கள் இருவரையும் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“தலை வலிக்குதா? சொல்லுடா, தலை வலிக்குதா?” என்று மகனைக் கேட்டாள். அவள் கை நடுங்கியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். சோக் இழுத்த என்ஜின் அதைத் தாராளமாகக் கக்கும். மூடிய கராஜில் ஆளைச் சாய்க்க நிமிடங்கள் போதும். முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி. அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்பப்படாதவர்களை அக்கா தன் வேலையில் பார்த்திருக்கிறாள். வீட்டுக் கூடத்தில் அதற்கென்று ஓர் எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறார்கள். அது இன்னும் அடித்திருக்கவில்லை. எனக்கு நெற்றியில் லேசான வலி இருந்தது. பையனுக்கு ஒன்றுமில்லை. குளிரில் நடுங்கியபடி வெளியே நின்று ஆழ்ந்து மூச்சு விட்டோம்.

அவசரத்தில் பட்டனை அழுத்தி அழுத்திப் பேட்டரியைக் கொன்றேன். அவசரத்தில் கதவை மூடி எங்களையே கொல்லப் பார்த்தேன். குளிர் செய்ததைவிட என் அவசரம் செய்ததுதான் அதிகம்.

பாதை திறந்தது

மூவரும் சேர்ந்து வண்டியை வெளியே தள்ளினோம். சற்று முன் ஓடிய என்ஜின், உடனே கிளம்பிவிட்டது. பத்து நிமிடம் அதன் போக்கில் ஓட விட்டு, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். முறுக்கவில்லை. ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் முன் முறுக்கினால் இரும்பு இரும்போடு தேயும். சக்கரங்களைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டும் குளிரில் விறைத்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பிரேக் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நகர்த்தினேன். கடுங்குளிரில் கைப்பிரேக் போட்டு நிறுத்தவே கூடாதாம்.

டயரையும் பார்த்தோம். ஏடிவி டயரில் 5 பி.எஸ்.ஐ. மாதிரி மிகக் குறைந்த காற்றுதான் இருக்கும். 15 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் நிரப்பி மைனஸ் 25-க்குக் கொண்டுவந்தால் அதில் பாதி காணாமல் போய்விடும். ஓட்டையில்லை, காற்று சுருங்கிவிடுகிறது. அளந்து நிரப்பினோம்.

தாழ்ந்த கியரில், மெதுவாக, தகட்டை இறக்கிப் பனியைத் தள்ளினேன். காற்றோடு சேர்த்துச் சொன்னார்களே, அந்த மைனஸ் 47, அது என்ஜினுக்கு இல்லை. வெளிக்காற்றின் மைனஸ் 33-க்குக் கீழே இரும்பு குளிர முடியாது. அந்தக் கணக்கு நம் தோலுக்கு. அந்த அளவில் மூடாத சதை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். என் முகமூடி எப்போதோ நழுவியிருக்கிறது. கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாகிவிட்டது என்று பையன்தான் காட்டினான். தேய்க்காதே என்று அக்கா கத்தினாள். வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். சிறிது நேரத்தில் சுருக்கென்று உயிர் வந்தது.

ஆறே முக்காலுக்குப் பாதை திறந்தது. ஏழே காலுக்கு அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. “வந்துட்டேன். அவ வீட்டுக்குக் கிளம்புறா.”

எனக்கு வேலை முடியவில்லை. “உடனே அணைச்சிடாதீங்க, இன்னும் அரை மணி நேரம் ஓட்டுங்க” என்றார் அத்தான். கொஞ்ச தூரம் ஓட்டி அணைத்தால், என்ஜினுக்குள் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் பால் ஊற்றிய காப்பி மாதிரி ஆகும். அந்த ஈரம் மூச்சுக் குழாயில் போய் உறைந்தால், அழுத்தம் தாங்காமல் என்ஜின் ஆயிலை வெளியே கக்கும். ஓட்டி முடித்துப் பெட்ரோல் தொட்டியை முழுக்க நிரப்பினேன். காலி இடம் இருந்தால் அங்கேயும் ஈரம் சேர்ந்து, குழாயில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கால் மிதிகளிலும் சக்கரத்துக்கு உள்ளேயும் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டேன். கடைசியாக மஞ்சள் வயர். செருகிவிட்டு, செருகியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

அங்கே வண்டி காலையில் கிளம்புவதில்லை. முந்தின இரவே கிளம்பிவிடுகிறது. காலையில் நாம் பட்டனை மட்டும்தான் அழுத்துகிறோம்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதிகாலைப் பெரட்டுக்குப் பழைய காப்சாய் மோட்டாரில்தான் போவார். மழைக்காலத்தில் ஒவ்வோர் இரவும் மோட்டாரின் பிளக்கைத் துடைத்து, என்ஜின் மேல் சாக்கைப் போர்த்துவார். “மனுஷன் போர்த்திக்கச் சாக்கு இல்ல, மோட்டாருக்குப் போர்த்துறாரு” என்று அம்மா சொல்வார். நாங்களும் சிரிப்போம். ஆனால் என் நினைவு தெரிந்து அப்பா ஒருநாளும் பெரட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை.

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கதவை மூடிய கதையையும் சொன்னேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“சரி, இன்னிக்கு ராத்திரி வயரைச் செருகிட்டியா?”